எட்டு வீடா, எண்பது அத்திவாரமா?

எங்கள் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்துக்கு எட்டு வீடு கட்டலாம். ஒன்பதாவதைத் தொட்டால் அது கூரையில்லாமல் நின்றுவிடும். வெருகல் ஆற்றை அண்டிய ஊரில் வீடு வீடாகப் போய் நாங்கள் எழுதிக்கொண்டு வந்த பட்டியலில், டித்வா புயல் வெள்ளத்தில் வீடு சேதமான எண்பத்தொரு குடும்பங்கள் இருக்கின்றன. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு மூன்று கூட்டம் நடத்திவிட்டோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். நாலாவது கூட்டம் வருகிற ஞாயிறு, திருகோணமலையில். அதற்குள் எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதித் தரும்படி தலைவர் கேட்டார். பணம் அனுப்பிய வெளிநாட்டுப் பிள்ளைகளும் என்ன முடிவு என்று விசாரித்தபடி இருப்பதால், எல்லோரும் வாசிக்கும்படியே எழுதுகிறேன்.

என் சாய்வை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சுனாமிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அளவெடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றுள் சில வீடுகளில் இன்று ஆடு கட்டியிருக்கிறது. சாவி கையளிப்பு விழா என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

தண்ணீர் இரண்டு வழியால் வரும் நிலம்

மலைநாட்டில் பெய்யும் மழை மகாவலியாக இறங்கி, மன்னம்பிட்டியைத் தாண்டி வந்து, ஒரு கிளை கொட்டியாரக் குடாவிலும் மற்றக் கிளை வெருகல் ஆறாகித் தெற்கே கடலிலும் விழுகிறது. ஆகவே எங்கள் தலையில் பெய்த மழையோடு, கண்டிப் பக்கம் பெய்த மழையும் சில நாளில் எங்கள் முற்றத்துக்கு வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது இரண்டும் சேர்ந்து வந்தன. மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. மூதூர், சேருவில, வெருகல் பக்கங்களில் வயல் எது, தெரு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது.

இதே காணிகளில் 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறியது. 2006 இல் மாவிலாற்று மதகை முன்னிட்டுச் சண்டை மூண்டபோது சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாகரைப் பக்கம் நடந்தார்கள். திரும்பி வந்து கூரை போட்டு முடித்த வேளையில் 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வெள்ளம். காற்றுக்கு வேறு கணக்கு: 1964, 2000, 2020 மூன்றிலும் திருகோணமலை மாவட்டத்தைப் புயல் நேரடியாகக் கடந்தது. ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்ற பழமொழி ஒருமுறை கட்டுகிறவர்களுக்குச் சொன்னது. இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் அதே காணியில் நாலாவது தடவையாக அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கிறார்.

எந்த வழியைத் தெரிந்தாலும் வீடு இரண்டு பரீட்சைகளில் தேறவேண்டும். நாலைந்து நாள் தண்ணீருக்குள் நின்றாலும் சுவர் கரையக்கூடாது. புயல் காற்று அடிக்கும்போது கூரை பறக்கக்கூடாது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றில் தேறி மற்றதில் தோற்ற வீடுகளைத்தான் நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தகாரரிடம் கொடுத்து முழுவீடு கட்டுவது

எங்கள் பொருளாளருக்கு விருப்பமான வழி இது. அவருடைய நியாயம் இலேசானதல்ல. ஒரே ஒப்பந்தம், ஒரே பில், கணக்காய்வாளருக்குத் தலைவலி இல்லை. கணவனை இழந்த பெண்ணோ எழுபது வயதுக் கிழவரோ மேசன் பின்னால் அலையத் தேவையில்லை. ஆறு மாதத்தில் எட்டு வீடு எழும்பிவிடும். படம் எடுத்து அனுப்பலாம். ‘எட்டுப் பேருக்காவது முழுமையாகச் செய்வோம், எண்பது பேருக்கு அரைகுறையாகச் செய்து ஒருவருக்கும் உதவாமல் போவதைவிட அது மேல்’ என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். நானும் ஒரு கணம் ஆட்டினேன்.

சுனாமிக்குப் பிறகு இதை நாம் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறோம். கரையிலிருந்து வடக்கு கிழக்கில் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று கட்டத் தடையான வலயம் போடப்பட்டது. பிறகு அந்தத் தூரம் தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் பல ஊர்களுக்கு உள்நாட்டில் காணி ஒதுக்கி, கொடையாளர் பணத்தில், ஒப்பந்தகாரர் கையால் வரிசை வீடுகள் எழும்பிவிட்டன. வள்ளமும் வலையும் கரையில், வீடு உள்ளே. விடியப்புறம் மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர் என்ன செய்வார்? கரையில் வாடி போட்டுப் படுத்தார். கொஞ்ச நாளில் மனைவியும் வந்தார். அங்கே கட்டிய வீட்டில் பூட்டுத் தொங்கியது.

இடம் மாற்றாமல் சொந்தக் காணியிலேயே கட்டினால் இந்தக் குறை வராது என்பார்கள். சரிதான். ஆனால் வீட்டுக்குள்ளே வேறு குறைகள் இருந்தன. நான் மேற்பார்வை செய்த ஒரு திட்டத்தில் ஆறடிக்கு ஆறடிச் சமையலறை. புகை போக வழியில்லை. நகரத்து எரிவாயு அடுப்பை நினைத்து யாரோ வரைந்த படம். ஒரு மாதத்துக்குள் எல்லாக் குடும்பமும் பின்பக்கம் கிடுகில் குசினி போட்டுக்கொண்டு, வரைபடத்துச் சமையலறையில் நெல் மூட்டை அடுக்கிவிட்டது. இன்னொரு இடத்தில் கழுவாத கடல் மணலில் கொங்கிறீட் போட்டிருந்தார்கள். நான் போன நேரத்தில் பூச்சு முடிந்திருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. எட்டாவது வருடம் உப்பு கம்பியைத் தின்று, ஜன்னலுக்கு மேலுள்ள தீராந்தி வெடித்தது. குடியிருக்கிற பெண் தன் கண்முன் அந்த மணலைப் பார்த்திருக்கிறார். அது அவருடைய வேலையல்ல, ஒப்பந்தகாரருடைய வேலை என்று இருந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கிழக்கில் வீடு மகளுக்குப் போகும் சொத்து. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் அதுதான் வழக்கம்: பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். சுனாமி வீட்டுப் படிவங்களிலோ ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஆணின் பெயர் ஏறியது. தாய் மகளுக்குக் கொடுத்த வீடு கடலோடு போய், புது வீடு மருமகன் பெயரில் வந்தது. குடும்பம் ஒற்றுமையாக இருக்கும்வரை இது ஒருவர் கண்ணிலும் படாது. நாங்கள் எந்த வழியைத் தெரிந்தாலும், எங்கள் கடிதத்தில் முதல் பெயர் வளவுக்காரியின் பெயராக இருக்கவேண்டும் என்று கூட்டத்தில் கேட்டேன். இதில் மட்டும் எதிர்ப்பு வரவில்லை.

எட்டுப் பேரை எப்படித் தெரிவது என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. புள்ளி போட்டுப் பார்த்தோம்: முழுச் சேதம், பெண் தலைமைக் குடும்பம், அங்கவீனம், சிறு பிள்ளைகள். பதினேழு குடும்பங்கள் ஒரே புள்ளியில் வந்து நின்றன. எட்டுப் பெயரை வாசிக்கிற நாளில் எழுபத்துமூன்று வீடுகள் எங்களுக்குக் கதவைச் சாத்திவிடும். அதைவிட மோசம், அந்த எட்டு வீட்டுக்காரரோடு ஊர் பேசாது.

பணத்தைத் தவணையாகக் கொடுத்து, வீட்டுக்காரரே கட்டுவது

உலக அனுபவம் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2001 ஜனவரி 26 இல் குஜராத்தில் கட்ச் பூகம்பம் வந்தபின், பெரும்பான்மையான குடும்பங்கள் அரச உதவித்தொகையைப் பெற்றுத் தாங்களே கட்டிக்கொண்டன. எங்கள் நாட்டில் இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில், வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறத் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. தன் வீட்டுக்குக் கல் வாங்குகிறவர் கல்லைத் தட்டிச் சத்தம் கேட்டுத்தான் வாங்குவார். சமையலறை எந்தப் பக்கம், சாமியறை எங்கே, கிணற்றடிக்குப் போகும் கதவு எது என்பதை யாரும் வரைந்து கொடுக்கத் தேவையில்லை. ஒப்பந்தகாரரின் இலாபம் கூரையிலே ஓடாகிவிடும்.

இனி இதன் மறுபக்கம். முதல் தவணையில் அத்திவாரம் முடியும். அடுத்த தவணைக்கு முன் சுவரை ஜன்னல் மட்டத்துக்கு ஏற்றிக் காட்டவேண்டும். முடித்துக் காட்டினால்தான் பணம்; பணம் இருந்தால்தான் முடிக்கலாம். இந்த இடைவெளியில் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகும், அல்லது ஹாட்வெயார்க் கடையில் கடன் ஏறும். விலை ஏறாத காலத்திலேயே இப்படி. 2021 இல் 1,000 ரூபாவை ஒட்டி இருந்த சீமெந்துப் பை, 2022 நெருக்கடியில் 3,000 ரூபாவைத் தொட்டது. அந்த வருடம் தவணைக் கணக்கை நம்பிக் கல் அடுக்கியவர்கள் சுவர் தலைமட்டத்தில் நிற்க, பனையோலையால் மூடிக்கொண்டு மாரியைக் கழித்தார்கள்.

இந்த வழியில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை தொழில்நுட்பம் சார்ந்தது; அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தன் கையால் வீடு கட்டுகிற மனிதர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் செலவழிப்பார். அது மனித இயல்பு; கலியாண வீட்டில் பந்தலுக்குச் செலவழிப்பது போல. முன்கதவில் மயில் செதுக்கியிருக்கும். கூரையின் கைமரத்தைச் சுவரோடு சேர்த்துக் கட்ட ஒரு துண்டுத் தகட்டுப்பட்டி இருக்காது. விறாந்தைத் தூணுக்கு வளைவு வேலை நடக்கும். தளம் தெருவைவிட ஆறங்குலம்தான் உயர்ந்திருக்கும். 2025 இல் அப்படி ஒரு வீட்டில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. மயில் மட்டும் நனையவில்லை.

எண்பது வீடு ஒரே நேரத்தில் எழும்பினால் மேசன் கிடைக்கமாட்டார். கிண்ணியாவிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் வருவார்கள், கூலி ஏறும், ஒரு வீட்டில் அரைநாளும் மறு வீட்டில் அரைநாளும் நிற்பார்கள். பேரம் பேசத் தெரியாத வீட்டில் கால்நாள்.

எங்கள் தொகையைத் தவணையாக எண்பத்தொரு குடும்பத்துக்கும் பிரித்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அதை வெறும் காசாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. பழைய கடனுக்குப் போகும். போவதும் நியாயம்தான்.

தகரம், எஃகு, மண்

இந்த மூன்றையும் சுருக்கமாகவே பார்க்கிறேன்.

தற்காலிகக் கொட்டிலைப் பற்றிச் சம்பூர்க்காரரிடம் கேளுங்கள். 2006 இல் இடம்பெயர்ந்த அவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் தகரத்தின் கீழ் ஏறக்குறையப் பத்து வருடம் இருந்தார்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தில் அதுதான் அகராதிப் பொருள். தகரம் கொடுக்கலாம், ஆனால் கொட்டிலாகக் கொடுக்கக்கூடாது. தடித்த நல்ல தகரமாக, பிறகு குசினிக் கூரையாக ஏற்றக்கூடிய அளவில் வெட்டிக் கொடுக்கவேண்டும்.

தொழிற்சாலையில் செய்து வந்து பொருத்தும் எஃகு வீட்டை ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். வடக்கு கிழக்கில் 65,000 எஃகு வீடுகள் என்ற அரச திட்டம் 2016 ஐ ஒட்டிப் பெரிய விவாதமாகி, கடைசியில் கைவிடப்பட்டது நினைவிருக்கும். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் என்ற விலை அப்போது கல்வீட்டு விலையைவிட இரட்டிப்புக்கு மேல். வெயில் காலத்தில் உள்ளே இருக்க முடியாது, ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாது, ஊர் மேசனுக்கும் ஓடாவிக்கும் ஒருநாள் கூலியும் கிடைக்காது. எட்டே வீடு என்றாலும் இந்தக் குறைகள் குறையப் போவதில்லை.

மண் சீமெந்துக் கல் என்பது எனக்குப் பிடித்த பொருள். மண்ணோடு நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு சீமெந்து கலந்து, கை இயந்திரத்தில் அழுத்தி, ஈரம் காயாமல் நாலு கிழமை வைத்தால் சூளையும் விறகும் இல்லாமல் கல் கிடைக்கும். காடும் தப்பும். ஆனால் ஆசைப்படுவதற்கு முன் மண்ணைப் பார்க்கவேண்டும். ஆற்றோரத்தில் இருப்பது வண்டல். கல் அழுத்தத் தோதான சிவந்த மண்ணை உள்ளேயிருந்து லொறியில் ஏற்றவேண்டும். அப்படி ஏற்றினால் சிக்கனமும் போய்விடும், ‘பசுமை’ என்ற சொல்லும் டீசல் புகையில் கருத்துவிடும். வெள்ள மட்டத்துக்குக் கீழே இந்தக் கல்லை வைக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன், மேலே வைக்கலாம். யாராவது இரண்டு வீட்டுக்காரர் விரும்பினால் சோதித்துப் பார்ப்போம். ஊர் முழுவதையும் எங்கள் சோதனைச்சாலை ஆக்கவேண்டாம்.

வீட்டை விட்டுவிட்டு வயலைப் பார்ப்பது

சங்கத்தின் பெண் உறுப்பினர்கள் இருவர் சொன்னது இது: வீட்டை அரசு எப்படியோ கட்டித்தரும், வயிற்றுக்கு யார் கட்டுவது? நவம்பர் வெள்ளத்தில் மாரிகாலப் பெரும்போக நெல் போனது. டிசம்பர் கடைசிக்குள் தண்ணீர் வடிந்த வயல்களில் எண்பது நாளில் விளையும் பிஜி 250 போன்ற நெல்லை மறுபடி விதைக்கலாம் என்ற நம்பிக்கை சிலருக்கு இருந்தது. மணல் மூடிய வயலில் அதுவும் முடியவில்லை. அடுத்து விதைக்கும் சிறுபோகத்துக்கு மாவிலாற்று வாய்க்காலில் தண்ணீர் வரவேண்டும். அதற்கு அணைக்கட்டு திருந்தவேண்டும். அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வேலை, எங்கள் சட்டைப்பையின் வேலையல்ல. வாய்க்கால் வருமுன் விதைநெல் கொடுத்தால் அது சோறாகும். சோறாவதும் தப்பில்லை, ஆனால் விதைநெல் கொடுத்ததாகக் கணக்கில் எழுதக்கூடாது.

சுனாமிக்குப் பின் வள்ளம் கொடுத்த கதையும் நினைவில் வரவேண்டும். கொடுப்பதற்கு எளிது, படத்துக்கும் அழகு என்பதால் எல்லாரும் சிறு வள்ளம் கொடுத்தார்கள். கடலுக்கே போகாதவருக்கும் கிடைத்தது. களப்பில் மீனைவிட வள்ளம் பெருகியது. அவசரத்தில் செய்த சில வள்ளங்கள் அலைக்குத் தாங்கவில்லை.

ஆகையால் இந்த வழியில் சிறு தொகை மட்டும், அதுவும் மாதர் அபிவிருத்திச் சங்கத்தின் கையில் சுழற்சி நிதியாக. பத்துப் பேர் எடுத்து, திருப்பிக் கட்டி, அடுத்த பத்துப் பேர் எடுப்பது. ஆடு வாங்குவதா, தையல் இயந்திரமா, அடகு மீட்பதா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். எங்களைவிட அவர்களுக்கு யார் திருப்பித் தருவார், யார் தரமாட்டார் என்று நன்றாகத் தெரியும்.

நான் சொல்லும் வழி

தலைப்பிலுள்ள எண்பது அத்திவாரம் பொருளாளர் என்னைக் கேலி செய்யச் சொன்ன எண். உண்மையில் எண்பத்தொன்றில் இருபத்தேழு வீடுகள்தான் முழுச் சேதம். ஐம்பத்துநாலு வீடுகளில் சுவர் நிற்கிறது. முழுச் சேதத்துக்கு அரசு உதவித்தொகை அறிவித்திருக்கிறது, பதிவு நடக்கிறது. நான் உத்தியோகத்தில் பார்த்த வீட்டு மதிப்பீடுகளில் நிலத்தை உயர்த்தத் தனியாக ஒரு வரி இருந்ததில்லை. கூரையைக் கட்டிப் பிடிக்கும் பட்டிக்கும் இல்லை. வீட்டுக்காரரும் அதில் செலவழிக்கமாட்டார் என்று மேலே சொன்னேன். யாரும் செலவழிக்காத அந்த இரண்டு இடங்களில்தான் எங்கள் பணம் போகவேண்டும்.

இருபத்தேழு வீட்டுக்கும், இந்த வெள்ளம் நின்ற கறை சுவரிலும் மரத்திலும் இன்னும் தெரிகிறபோதே தண்ணீர் நிரப்பிய குழாயை இரண்டு முனையிலும் பிடித்து மட்டம் எடுத்து, அந்தக் கறைக்கு மேல் தளம் வரும்படி அத்திவாரத்தை உயர்த்துவது. பெரும்பாலான வளவுகளில் வழக்கமான மட்டத்தைவிட இரண்டடி கூடினால் போதும். 500 சதுர அடி வீட்டுக்கு இரண்டடி என்றால் 1,000 கன அடி, அதாவது 10 கியூப் கிரவல். அமுக்கும்போது இறங்குவதால் 13 கியூப் என்று வைத்துக்கொள்வோம். ஆறங்குலம் கொட்டி, நனைத்து, இடித்து, மறுபடி ஆறங்குலம். ஒரேயடியாகக் கொட்டி மேலே சீமெந்து பூசினால் அடுத்த மாரியில் தளம் வெடிக்கும். வளவுகள் இரண்டில் தண்ணீர் மார்பளவு நின்றிருக்கிறது. அங்கே வீடு முழுவதையும் உயர்த்தப் பணம் போதாது. ஓர் அறையை மட்டும் தூக்கி, தட்டுத்தளம் போட்டு, நெல்லும் புத்தகமும் கிழவியும் ஏற ஒரு படிக்கட்டு வைக்கலாம்.

இந்த வேலைக்குக் காலம் முக்கியம். கிரவல் டிராக்டர் வளவுக்குள் போகவேண்டுமானால் நிலம் காய்ந்திருக்கவேண்டும். சித்திரையில் தொடங்கி ஆவணிக்குள் முடியாவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

கூரைக்கு ஆகும் செலவு கையிலே அடங்கும். சுவரின் தலையில் கொங்கிறீட் வளையம், அதிலிருந்து மேலே விட்ட கம்பி, கம்பியோடு வளைமரம், வளைமரத்தோடு கைமரம், ஒவ்வொரு சந்திப்பிலும் தகட்டுப்பட்டி. கூரை வெளியே நீட்டியிருக்கும் தாழ்வாரத்தைக் குறைக்கவேண்டும். காற்று அதன் அடியில் கைவைத்துத்தான் கூரையைத் தூக்குகிறது. இரண்டு பக்கச் சரிவைவிட நாலு பக்கச் சரிவு புயலுக்கு நல்லது. சுவர் நிற்கும் ஐம்பத்துநாலு வீட்டிலும் இதைப் பின்னாலேயே செய்யலாம். அங்கே இன்னும் இரண்டு வேலை: மலசலகூடத்தின் பீடத்தை உயர்த்துவது, கிணற்றுக் கட்டை மூன்றடி உயர்த்திச் சுற்றிவரச் சீமெந்துத் தளம் போடுவது. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருக்கவேண்டும் என்ற விதியைத் தன் வளவுக்குள் எல்லாரும் காப்பாற்றியிருக்கிறார்கள். வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டுக் குழி முப்பதடியில் இருக்கிறது. சண்டை வராமல் இதைத் தீர்க்க, வேலி பார்க்காமல் ஊருக்கே ஒரு வரைபடம் போடவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மிச்சம் ஒரு சம்பளம். மட்டம் பிடிக்கத் தெரிந்த ஒரு மூத்த மேசன், ஒரு மோட்டார் சைக்கிள், ஒன்பது மாதம். காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. ஊர்ப் பையன்கள் ஆறு பேரைக் கூட வைத்துப் பழக்குவது. ‘சம்பளத்துக்குக் காசு கொடுக்கமாட்டோம், கல்லுக்குத்தான் கொடுப்போம்’ என்று கனடாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, கல்லைக் கோணலாக வைப்பதற்குக் கூலி கொடுத்தால் அது கல்லுக்குக் கொடுத்ததாகுமா?

இந்த வழியின் பலவீனத்தையும் நான்தான் எழுதவேண்டும். நாங்கள் அரசின் பணத்தை நம்பி நிற்கிறோம். தவணை வராவிட்டால், உயர்த்திய அத்திவாரம் வளவின் நடுவே சமாதி போலக் கிடக்கும். அப்படிக் கிடந்தவற்றை நானே பார்த்திருக்கிறேன். பெயர் வெட்டிய கல் மட்டும்தான் குறை. அதனால் முதல் தவணை கணக்கில் விழுந்த வீட்டில் மட்டும் வேலை தொடங்குவது, தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருப்பது, தவணை நடுவில் நின்றுபோன வீட்டுக்கு அதிலிருந்து வட்டியில்லாக் கைமாற்றுக் கொடுப்பது. தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகாமல் இருக்க இந்தக் கைமாற்றுத்தான் எங்களால் முடிந்தது.

இதில் நாடா வெட்ட ஒன்றுமில்லை. கிரவலுக்கு மேல் பெயர்ப்பலகை நடமுடியாது. படம் கேட்கிறவர்களுக்கு வெள்ளக் கறையையும் புதிய தளத்தையும் அளவுகோலோடு ஒன்றாகப் படம் எடுத்து அனுப்பலாம் என்று யோசித்திருக்கிறேன். பொருளாளர் சிரித்தார். ஆனால் போன கிழமை என்னோடு வந்து இரண்டு வளவில் குழாயின் மறுமுனையைப் பிடித்தார்.

எதிலும் அடங்காமல் இரண்டு குடும்பங்கள் நிற்கின்றன. இரண்டும் ஆற்று ஒதுக்கு நிலத்தில். உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. ஆகவே அரச வீட்டுப் பட்டியலில் பெயரும் இல்லை. பொருளாளரின் எட்டுக்குள்ளும் அவர்களைச் சேர்க்க முடியாது, என் இருபத்தேழிலும் அவர்கள் பெயர் தாளில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே அத்திவாரத்தை உயர்த்தினால் ஆற்றுக்குள் இன்னும் அழுத்தமாக அவர்களை நட்டுவிடுவோம். விலகி இருக்கச் சொன்னால் போக இடம் காட்டவேண்டும். அதில் ஒரு வீட்டு அம்மா, தண்ணீர் ஏறுவதை ஊரில் முதலில் பார்ப்பது தான்தான் என்றும், நவம்பரில் இரவு ஒவ்வொரு படலையாகத் தட்டி எழுப்பியது தான்தான் என்றும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆமென்றார்கள். பிரதேச செயலகத்தில் மாற்றுக் காணி கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை கொண்டுபோகலாம்.

அந்த அம்மாவையும் நாலாவது கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, மூதூரில் மாறி, கிண்ணியாப் பாலம் தாண்டி வரவேண்டும். ஒன்பது மணிக் கூட்டத்தைப் பத்தரைக்குத் தள்ளிவையுங்கள்.